பெட்டி வண்டியின் டீசல் அழுத்தம் பற்றிக் கொழுந்தனாருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். நலமில்லையென்றால் நீங்களே எழுதியிருப்பீர்கள்; நலமாக இருக்கும்போது கடிதம் போடும் பழக்கம் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. உங்கள் முழங்காலைப் பற்றியும் உங்கள் மனைவியின் கண் அறுவையைப் பற்றியும் நான் அக்கறையோடு விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் நலமில்லை. வண்டியும் நலமில்லை. இருவரில் வண்டியின் நிலைமை மோசமாக இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதக் கடைசியோடு சவப்பெட்டிப் பட்டறையை மூடுகிறேன். வண்டியை விற்கிறேன். டிரைவரை வேலையை விட்டு அனுப்புகிறேன். இதற்கெல்லாம் உங்கள் அனுமதி கேட்டு எழுதவில்லை. நடந்ததில் பாதிக்கு நீங்கள் காரணம் என்பதால் எழுதுகிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் யார் என்பதும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. எங்கள் கான்வென்ட் தலைமைச் சகோதரி, குற்றம் சாட்டும் கடிதத்தில் இடப்பக்கம் இரண்டு விரல் அளவு ஓரம் விட வேண்டும், அப்போதுதான் படிப்பவர் தன் பக்கத்து நியாயத்தை எழுத இடம் இருக்கும் என்பார். உங்களுக்காக மூன்று விரல் விட்டிருக்கிறேன்.

உங்கள் அண்ணனை அடக்கம் செய்து ஏழாம் நாள் வண்டி முதல் முறையாக நின்றது. அன்று அதில் பெட்டிகூட இல்லை, பலகைதான். நீங்கள் அப்போது இங்கேதான் இருந்தீர்கள். முப்பது வருடம் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவருக்குத் துக்க வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. நாற்காலியை இப்படி நகர்த்தினீர்கள், அப்படி நகர்த்தினீர்கள், குழாயின் சொட்டலை நிறுத்தினீர்கள், நான் கேட்காமலே கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டீர்கள். வண்டி நின்றது என்றதும் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன். தவறாக நினைக்கவில்லை.

"அண்ணி, டேங்க்லேர்ந்து இன்ஜினுக்கு டீசல் போற வழியில ஒரு சின்ன பம்பு இருக்கு. அது என்ன அழுத்தத்துல தள்ளுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா போதும். பாதி நோய் பிடிபட்ட மாதிரி" என்றீர்கள்.

மறுநாளே எங்கிருந்தோ ஒரு மீட்டர் வாங்கி வந்தீர்கள். டீசல் குழாய் நாம் உட்காரும் இடத்துக்குள் வரக்கூடாது என்று அதைக் கண்ணாடிக்கு வெளியே, பானட்டின் ஓரத்தில், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகப் பொருத்தினீர்கள். பத்திலிருந்து பதினான்கு வரை பச்சை நாடா ஒட்டினீர்கள், ஐந்துக்குக் கீழே சிவப்பு. "முள்ளு சிவப்புக்குப் போச்சுன்னா ஓட்ட விடாதீங்க அண்ணி. உள்ள இருக்கற பெரிய பம்புக்கு டீசல்தான் உணவு, டீசல்தான் எண்ணெய். அது பத்தலைன்னா தன்னைத்தானே தின்னுடும்" என்றீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "தினமும் பாத்து எழுதி வைங்க" என்றீர்கள். ஏன் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். கை சும்மா இருந்தால் மனசு ஓடும் என்று சொன்னீர்கள். ஆனால் தம்பி, பேச்சுக்குச் சொன்ன வேலை, நிஜமாகச் சொன்ன வேலை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. சொன்னால் செய்வேன்.

எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டியிருந்தது. வீட்டில் பாதி காலியாக ஒன்று இருந்தது. பதினொரு வருடம் காலையும் மாலையும் உங்கள் அண்ணனின் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்து எழுதிய புத்தகம். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், குறிப்பு. "குறிப்பு" என்ற கட்டத்தில் "உப்பு அதிகம்", "மகளோடு வாக்குவாதம்", "பொய் சொல்கிறார், மாத்திரை போடவில்லை" என்றெல்லாம் இருக்கும். கடைசி நாள் காலை நூற்றிருபத்தெட்டு, எண்பத்திரண்டு. குறிப்பு: "மிக நன்று." அன்று மத்தியானம் போய்விட்டார். அடுத்த பக்கத்தில் கோடு போட்டு, வண்டி என்று தலைப்பு எழுதினேன். புதுப் புத்தகம் வாங்கியிருக்கலாம்தான். நல்ல தாள், வீணாக்க மனம் வரவில்லை.

நீங்கள் கிளம்பிப் போன இந்த ஆறு மாதத்தில் வண்டி பதினான்கு முறை நின்றிருக்கிறது. மீட்டருக்கு முன் ஒன்று, மீட்டருக்குப் பின் பதினான்கு. நான் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நிற்கும் விதத்தையும் சொல்கிறேன். காலையில் கிளம்பும்போது முள் பன்னிரண்டில் அழகாக நிற்கும். உள்ளூரில் ஓடினால் ஒன்றும் ஆகாது. தூரப் பயணம் என்றால்தான் வினை. அரை மணி நேரத்தில் பத்து. பிறகு எட்டு, ஆறு. மேட்டுச் சாலையில் ஏறும்போது மூன்று. அங்கே வண்டி இரண்டு முறை விக்கல் எடுத்து நின்றுவிடும். நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரை உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக நம்மிடம் இருக்கிறார். மெதுவாக ஓட்டுவதால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் "நிதானம்"தான், சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. சவப்பெட்டி ஏற்றுகிற வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான டிரைவர் இல்லை என்று உங்கள் அண்ணன் சொல்வார். வண்டி நின்றதும் நிதானம் இறங்குவார். டீசல் அளவு காட்டும் முள் நான்கு வருடமாக வேலை செய்யாததால், டேங்க் மூடியைத் திறந்து ஒரு நீளக் குச்சியை விட்டுப் பார்ப்பார். பாதி டேங்க் இருக்கும். மூடியை மூடுவார். எதிரே போய் ஒரு தேநீர் குடிப்பார். வந்து சாவியைத் திருகுவார். வண்டி உடனே கிளம்பும். முள் பன்னிரண்டில் நிற்கும். யாராவது என்னிடம் சொல்லுங்கள், தேநீர் குடித்தது டிரைவரா, வண்டியா?

நான் நேராகவே கேட்டேன். "அந்தக் கடை வாசல்லதான் அது நிக்கணும்னு என்ன இருக்கு?"

"எனக்கு என்னம்மா தெரியும்? கடை அங்க இருக்கு, வண்டி அங்க நிக்குது."

"நீங்க இறங்கி ஏறினா மட்டும் எப்படிச் சரியாகுது?"

"மூடியைத் திறக்கறப்ப உள்ளேர்ந்து ஒரு பெருமூச்சு வருதும்மா. 'ஸ்ஸ்'னு. முன்ன அப்படி வந்ததில்லை. அதுக்கு ஐயா ஞாபகமா இருக்கு போல."

தம்பி, நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பிக்கப் வண்டி துக்கம் அனுசரிக்கும் என்று அவர்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. துக்கம் அனுசரிக்கிற வேலையை இந்த வீட்டில் ஒருத்தி ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறாள், வண்டியின் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். குறிப்பு என்ற கட்டத்தில் "சாக்கு" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு மெக்கானிக். அவர் கொட்டகைக்கு வண்டி நான்கு முறை போயிற்று. முதல் முறை டீசல் வடிகட்டியை மாற்றினார். இரண்டாம் முறை ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினார். மூன்றாம் முறை அந்தச் சின்ன பம்பையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் முதல் காரியமாக மூடியைத் திறந்து டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார், திறந்தபடியே பக்கத்தில் வைத்துவிடுவார், இன்ஜினை ஓட விடுவார். முள் பன்னிரண்டில் அசையாமல் நிற்கும், பரிசளிப்பு விழாவுக்கு வந்த மாணவி மாதிரி. நான்காம் முறை கையைத் துடைத்துக்கொண்டே, "பல் டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்தா பல்வலி போயிடும் பாருங்க, அந்தக் கதைம்மா இது. எங்கிட்ட வந்தா நல்லா இருக்கு. வண்டில கோளாறு இல்லை. ஓட்டறவரைப் பாருங்க" என்றார். நிதானம் பக்கத்தில்தான் நின்றார். எனக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது.

எனக்கு நேரில் பார்த்தால்தான் திருப்தி. ஆகவே ஐந்தாவது மாதத்திலிருந்து தூரப் பயணத்துக்கெல்லாம் நானே வண்டியில் ஏறினேன். முன் இருக்கையில் நான், மடியில் நோட்டு, கையில் கைக்கடிகாரம், பின்னால் பெட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை எழுதுவேன். "இப்ப ஒன்பது." "சரிம்மா." "இப்ப எட்டு." "சரிம்மா." "ஏழு. நிதானம், நீங்க என்ன பண்றீங்க?" "ஓட்டறேம்மா." அவர் காலைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கும்படி ஒன்றும் செய்யவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

முதல் பயணத்தில் மேட்டுச் சாலையில் நின்றபோது நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் நல்லது. ஆனால் வேறு யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். வண்டி நின்றது, நிதானம் குச்சியோடு இறங்கினார். நான் கறுப்பு உடையில், பின்னால் பூட்டாத பெட்டியோடு, தலை குனிந்து மூன்று என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கார் நின்றது. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்கு அருகில் வந்தார். "அம்மா, மனசைத் தளர விடாதீங்க. பயணத்துல இப்படி ஆயிடுச்சே" என்றார். நான், "பெட்டி காலிங்க" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "அப்ப அவர்... எங்கம்மா?" என்றார். "அவர் வீட்டில் காத்திருக்கிறார், நாங்கள்தான் தாமதம்" என்று விளக்கினேன். நான் சொன்னது முழு உண்மை. அதற்குள் இரண்டாவது கார் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கும் யாரோ போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. கையை எடுக்க முடியவில்லை. தேநீர்க் கடைக்காரர் எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று கும்பிட்டார். அவர் போனதிலிருந்து யார் முன்னாலும் அழாதவள், தம்பி, ஒரு மலைச் சாலையில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் மூக்கைச் சிந்தினேன். எல்லாம் உங்கள் மீட்டரால். குறிப்பு என்ற கட்டத்தை அன்று காலியாக விட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். போன வியாழக்கிழமை ஒரு ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பெட்டி. காலை ஒன்பதுக்கு அங்கே இருக்க வேண்டும், பத்துக்கு எடுப்பு. நமது தொழிலில் தாமதத்துக்கு மன்னிப்பு கிடையாது என்று உங்கள் அண்ணன் சொல்வார். பெட்டிக்கு உரியவர் எவ்வளவு நேரமும் காத்திருப்பார், அவரைச் சுற்றி நிற்கிறவர்களால் முடியாது. முப்பத்தாறு வருடத்தில் அவர் ஒரு பெட்டியையும் தாமதமாகக் கொடுத்ததில்லை. வெள்ளத்தில் ஒரு முறை படகில் கொண்டுபோனார். அன்று வண்டி மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை மழை, கடையும் மூடியிருந்தது. நிதானம் மழை உள்ளே போகுமே என்று மூடியைத் திறக்காமல் சாவியை மட்டும் திருகித் திருகிப் பார்த்தார். கிளம்பவில்லை. முக்கால் மணி நேரம். மழை விட்ட பிறகு மூடியைத் திறந்து குச்சி விட்டார், கிளம்பியது. தேநீர் குடிக்காமலே கிளம்பியது என்பதை நான் கவனித்தேன். ஆனால் அதை யோசிக்கும் நிலையில் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பத்து. நாற்காலிகளைப் பாதி மடக்கிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் வாசலுக்கு வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

"எங்கப்பா சர்வீஸ்ல ஒரு வண்டியைக்கூட லேட்டா விட்டதில்லைங்க" என்றாள். "அவரையே லேட்டாக்கிட்டீங்களே."

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்துக்கொண்டு வந்த எண்களை எல்லாம் அவளிடம் காட்டலாம் என்று கைப்பையைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். திரும்பி வரும் வழியில் முடிவு செய்தேன். உங்கள் அண்ணன் பெயருக்குப் பின்னால் ஒரு தாமதம் எழுதியாயிற்று. இரண்டாவது எழுத விடமாட்டேன்.

அன்று சாயங்காலம் நிதானத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். மாதக் கடைசி வரைக்கும்தான் என்றேன். காரணம் கேட்பார், மறுப்பார், பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர், "சரிம்மா" என்றார். முள் எட்டு என்று சொன்னபோது சொன்ன அதே "சரிம்மா". வாசல் வரை போய்த் திரும்பி, "பெட்டிக்கு வேற வண்டி பாத்துக்கங்க, அந்த வாடகை வண்டிக்காரன் பள்ளத்துல தூக்கிப் போடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். குற்றமுள்ளவர்கள் இவ்வளவு அமைதியாக இருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போன வாரம் தொலைபேசியில் கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். "டேங்க்குக்குள்ள காத்து போகுதான்னு பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் விட்டு விட்டு வந்தது, என் கோபம் விடாமல் வந்தது, அதனால் வைத்துவிட்டேன். தம்பி, நீங்கள் யாரிடம் இதைக் கேட்டீர்கள்? நமது பட்டறையில் பெட்டி வெளியே போகும் முன் கடைசிப் பார்வை யாருடையது? ஆணி அடித்த குழி, மரத்தில் முடிச்சு விழுந்த துளை, பூச்சி அரித்த ஊசி முனை அளவு ஓட்டை, எதுவாக இருந்தாலும் அரக்குக் குச்சியைச் சூடான கத்தியில் உருக்கி, மரத்தின் நிறத்துக்கே கலந்து, அடைத்து, தேய்த்துவிடுவேன். அடைத்த இடம் எது என்று நானே பிறகு தேட வேண்டும். உங்கள் அண்ணனின் பெட்டியைத் தச்சர்கள் செய்தார்கள், பதினேழு குழிகளையும் நான் அடைத்தேன். அவர் பெட்டிக்குள் காற்று போகாது. அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அரக்கும் கத்தியுமாக வீட்டைச் சுற்றினேன். மேசை, அலமாரி, படிக்கட்டின் கைப்பிடி, வண்டியின் பின்பலகை, கண்ணில் பட்ட ஓட்டை எதையும் விடவில்லை. உப்புக் குப்பியின் மூடியைக்கூட அடைத்துவிட்டேன் என்று உங்கள் அண்ணன் மகள் ஊரெல்லாம் சொல்கிறாள். அது மிகை. மூன்று ஓட்டைகளில் இரண்டைத்தான் அடைத்தேன். ஆகவே, என் பொறுப்பில் இருக்கும் எதற்குள்ளும் காற்று போகாது. இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

வண்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார். அதற்குள் உங்கள் மீட்டரைக் கழற்றித் தனியாக அனுப்பிவைக்கிறேன். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் பொருத்தினீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பதினொரு வருடம் எண் பார்த்து எழுதினேன், எண் நன்றாக இருந்த நாளில் அவர் போனார். இந்த ஆறு மாதம் எண் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன், அப்போதும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்த்து எழுதுவதால் எதையும் நிறுத்தி வைக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு முறை வேண்டியிருந்தது. வகுப்பில் நான் இவ்வளவு மந்தமாக இருந்ததில்லை.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் கடவுள் நீண்ட ஆயுளையும், ஏறி இறங்க முழங்கால்களையும், படிக்கக் கண்களையும் தரட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் கையெழுத்தைக் கவனியுங்கள். போன வாழ்த்து அட்டையில் வரிகள் மலை ஏறுகின்றன.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
அண்ணி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தவறான விடையை அழிக்காதே, அதன் கீழேயே சரியான விடையை எழுது என்பது எங்கள் தலைமைச் சகோதரியின் விதி. அழித்த மாணவிகளுக்கு ஸ்கேல் அடி. ஆகவே மேலே உள்ளதை அப்படியே விடுகிறேன்.

கையெழுத்துப் போட்டு மை காய வைத்திருந்தபோது நிதானம் வந்தார். வாங்குகிறவருக்கு வண்டியின் குணங்களைச் சொல்ல வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நோட்டை எடுத்தேன். இடப்பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கி மூட வேண்டும். எழுதினேன். குளிர் நாளில் இரண்டாம் கியர் கெஞ்சினால்தான் விழும். எழுதினேன். டீசல் முள்ளை நம்பக்கூடாது, குச்சி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எழுதினேன்.

"அப்புறம் டேங்க் மூடிம்மா. பழைய மூடி தொலைஞ்சப்ப வாங்கிப் போட்டது இது, வேற வண்டிக்கானது, ஓட்டையே இல்லாம வந்துச்சு. அப்பவும் வண்டி இப்படித்தான் நின்னு நின்னு போச்சு. ஐயாதான் கண்டுபிடிச்சாரு. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணுமாம், இல்லைன்னா பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராதாம். பட்டறையில இருக்கறதுலயே சின்ன ஊசியைத் துளைக்கருவியில மாட்டி, அவரு கையால ஒரு ஓட்டை போட்டாரு. அதை மட்டும் அடைச்சுடாம பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் எழுதவில்லை.

இருவரும் வண்டிக்குப் போனோம். அவர் மூடியைக் கழற்றினார். அது பெருமூச்சு விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். "ஓட்டையைக் காணோமேம்மா" என்றார். காணாதுதான், தம்பி. கறுப்பு மூடிக்குக் கறுப்பு அரக்கு. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் செய்தது. இவ்வளவு ஒழுங்கான மனிதர் டீசல் டேங்க் மூடியில் ஓட்டையை விட்டு வைத்திருக்கிறாரே, மழை போகுமே என்று நினைத்தேன். என் வேலைகளில் மிக நேர்த்தியானது அதுதான். நான்கு முறை அந்த மூடியைக் கையில் வாங்கிய மெக்கானிக்குக்கே தெரியவில்லை.

சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. நிதானம் அந்த இரண்டு நிமிடமும் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும், "ரொம்ப நல்லா அடைச்சிருக்கீங்கம்மா" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊசியைச் சுட்டு நானே திறந்தேன். உங்கள் அண்ணன் போட்ட அதே ஓட்டை, அதே இடம், கொஞ்சமும் பெரிதாகவில்லை. பிறகு மேட்டுச் சாலை வரை போனோம். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. தேநீர்க் கடை வாசலில் வண்டி நிற்காமல் போனது, கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். நிதானத்துக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, மாதக் கடைசி என்று நான் சொன்னது எந்த மாதத்துக்கும் பொருந்தாது என்றேன். "சரிம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போகிறேன். அங்கே என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். மீட்டர் அதன் இடத்திலேயே இருக்கட்டும். காற்றைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை மட்டும் மேலே அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் குப்பியின் இரண்டு ஓட்டைகளையும் திறந்துவிட்டேன். இதை உங்கள் அண்ணன் மகளிடம் சொல்ல வேண்டாம்.